செங்கல் விக்கெட்டும் நடுவர் தீர்ப்பும்

கொல்கத்தாவின் தெற்குப் பகுதியிலுள்ள கரியாஹாட் நாற்சந்தி இரைச்சல் மிகுந்தது. நடைபாதை நெடுகப் புடவைக் கடைகள் நெருங்கி நிற்கும். பேருந்துகளுக்கும் ஆட்டோக்களுக்கும் இடையே சாலையைக் கடப்பதே ஒரு கலை. முழு அடைப்பு நாள்களில் மட்டும் அச்சாலை அமைதியாகிவிடும். அன்று அது சிறுவர்களின் ஆடுகளம். மூன்று செங்கற்களை அடுக்கினால் விக்கெட். ஒரு மட்டையும் டென்னிஸ் பந்தும் இருந்தால் கிரிக்கெட் தொடங்கிவிடும்.

தெரு ஆட்டத்திற்கும் விதிகள் உண்டு. பந்து அடுத்த வீட்டு மாடத்தில் விழுந்தால் ஆட்டமிழப்பு. தரையில் ஒருமுறை பட்டு எழும் பந்தை ஒரு கையால் பிடித்தாலும் ஆட்டமிழப்பு. எல்.பி.டபிள்யூ. மட்டும் பெரும்பாலும் கிடையாது. பந்து காலில் படாதிருந்தால் எங்கே சென்றிருக்கும் என்று கணிப்பதே அவ்விதி. நடவாத ஒன்றைப் பற்றி நடுவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். தெருவிலோ, மட்டை பிடிக்கத் தன் முறைக்குக் காத்திருக்கும் சிறுவனே நடுவன். அவன் தன் அணியினனுக்கு எதிராக விரலை உயர்த்துவானா என்ற ஐயத்தினாலேயே அவ்விதியைச் சிறுவர்கள் நீக்கிவிட்டனர். இது அறியாமையன்று; நல்ல சட்ட அறிவு.

ஆயினும் எல்லா ஐயங்களையும் அவ்வாறு நீக்கிவிட இயலாது. பந்து செங்கல்லின் மேலே சென்றதா, உண்மையான ஸ்டம்பாக இருந்தால் அதில் பட்டிருக்குமா? மட்டையை உரசியதா, காற்சட்டையை உரசியதா? இங்கேதான் சண்டை மூளும். லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்ச் சிறுவர்கள் வங்காளத்தில் வாதிட்டுவிட்டுத் தமிழில் முணுமுணுப்பதும் அப்போதுதான்.

அதே கரியாஹாட்டில், மேம்பாலத்தின் அடியில் அமர்ந்து பலர் சதுரங்கம் ஆடுவர். தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும் என்பது அங்கே விதி. தொட்டதை இருவருமே காண்பர். பந்தாட்டத்தின் நிலை வேறு. அதன் விதிகள் தாளில் எழுதப்பட்டிருந்தாலும், அவை ஒரு மனிதர் ஒரு நொடியில் கண்டதைக் கொண்டே உயிர் பெறுகின்றன.

“கைப்பேசியில் படம் எடுத்தால் போதும், நடுவரே வேண்டாம்” என்பது இக்காலச் சிறுவர் பலரின் எண்ணம். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் அதே கொல்கத்தாவின் ஈடன் கார்டன்ஸ் திடலில் 1999 பிப்ரவரியில் நடந்ததை அவர்கள் அறிய வேண்டும்.

இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய ஆசிய டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஆட்டம் அது. வெற்றிக்கு இந்தியாவுக்குத் தேவைப்பட்டவை 279 ஓட்டங்கள். நான்காம் நாளில் சச்சின் டெண்டுல்கர் மூன்றாவது ஓட்டத்திற்காக விரைந்தார். எல்லைக்கோட்டுப் பக்கமிருந்து மாற்று ஆட்டக்காரர் நதீம் கான் எறிந்த பந்து நேரே ஸ்டம்பைத் தாக்கியது. அதே வேளையில், பந்தைப் பிடிக்க ஸ்டம்பருகே நின்ற ஷோயப் அக்தரின் மீது டெண்டுல்கர் மோதினார். ஸ்டம்பு சரிந்தபோது அவருடைய மட்டை கோட்டுக்குள் ஊன்றியிருக்கவில்லை. தீர்ப்பு மூன்றாம் நடுவரான இலங்கையின் கே. டி. பிரான்சிஸிடம் சென்றது. 1982இல் இலங்கையின் முதல் டெஸ்ட் ஆட்டத்தில் நடுவராக நின்ற அனுபவசாலி அவர். படத்தை மீண்டும் மீண்டும் பார்த்து ‘அவுட்’ என்றார்.

படம் பொய் சொல்லவில்லை. ஆனால் மக்கள் கேட்ட கேள்வி வேறு. அக்தர் வேண்டுமென்றே வழிமறித்தாரா, தற்செயலாக நின்றாரா? வேண்டுமென்று மறித்தால்தான் விதி மட்டையாளரைக் காக்கும். மட்டை எங்கிருந்தது என்பதைப் படக்கருவி காட்டும்; மனம் எங்கிருந்தது என்பதைக் காட்டாது. பார்வையாளர்கள் கொதித்தெழுந்து பாட்டில்களை வீசினர்; டெண்டுல்கரே வெளியே வந்து அமைதி வேண்டினார். மறுநாளும் கலகம் மூண்டதால், பார்வையாளர் அனைவரும் வெளியேற்றப்பட்டு, வெறும் இருக்கைகளின் முன்னே ஆட்டம் முடிந்தது. பாகிஸ்தான் 46 ஓட்டங்களில் வென்றது. பிரான்சிஸின் தீர்ப்பு விதிப்படி சரியே. அதற்காகப் பாட்டில் எறிந்தவர்கள் எவ்வகையிலும் சரியல்லர்.

நடுவரால் இயலாதது ஒன்று அணித்தலைவருக்கு இயலும். அவர் தம் முறையீட்டைத் திரும்பப் பெறலாம். வாசிம் அக்ரம் அன்று அதனைச் செய்யவில்லை; செய்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1980இல் பம்பாயில் குண்டப்பா விசுவநாத் அதனைச் செய்தார். இங்கிலாந்தின் பாப் டெய்லர் ஆட்டமிழந்ததாக நடுவர் அறிவித்தும், பந்து மட்டையில் படவில்லை என்று கருதிய விசுவநாத் அவரைத் திரும்ப அழைத்தார். டெய்லரும் இயான் போத்தமும் இணைந்து 171 ஓட்டங்கள் சேர்த்தனர்; இந்தியா தோற்றது. அதன் விலையை அவர் அறிந்தே இருந்திருப்பார்.

பிழை செய்த நடுவர் என்ன செய்ய வேண்டும்? இதற்கான சிறந்த விடை கிரிக்கெட்டில் அன்று, அமெரிக்கர்களின் பேஸ்பால் ஆட்டத்தில் கிடைக்கிறது. அதில் எதிரணியின் 27 பேரையும் ஒருவர்கூடத் தளத்தை அடையவிடாமல் வெளியேற்றுவது அரிய சாதனை. பெரிய லீக் ஆட்டங்களில் அதுவரை 20 முறையே நிகழ்ந்திருந்தது. 2010 ஜூன் 2 அன்று டெட்ராய்ட் நகரில் ஆர்மாண்டோ கலாரகா 26 பேரை வெளியேற்றிவிட்டார். இருபத்தேழாமவரும் ஒரு கணம் பிந்தியே வந்தார். நடுவர் ஜிம் ஜாய்ஸோ அவர் தளத்தைச் சேர்ந்துவிட்டதாகக் கை விரித்தார். கலாரகா புன்னகைத்துவிட்டு மீண்டும் பந்து வீசச் சென்றார். ஆட்டம் முடிந்ததும் படத்தைப் பார்த்த ஜாய்ஸ், பிழை தம்முடையதே என்று எல்லார் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டு கண்ணீர் விட்டார். தீர்ப்பு மாற்றப்படவில்லை. மறுநாள் ஆட்டக்காரர் பட்டியலை நடுவரிடம் கொடுக்க வந்தவர் கலாரகாவே.

கரியாஹாட் தெருவில் பட்டியலும் இல்லை, மூன்றாம் நடுவரும் இல்லை. செங்கல்லின் உயரத்தை ஆட்டம் தொடங்குமுன்பே பேசி முடிவு செய்துகொள்ளலாம். அது சண்டையைப் பாதியாகக் குறைக்கும். மீதிப் பாதி, தன் முறைக்குக் காத்திருக்கும் அந்தச் சிறுவனிடமே இருக்கிறது. பந்து மட்டையை உரசிய ஒலியை அவன் கேட்டிருக்கிறான். ஓட்டம் தேவைப்படுவது அவனது அணிக்குத்தான். அவன் விரலை உயர்த்தினால் அவனுடைய அணித்தலைவன் அடுத்த முறை அவனை நடுவனாக நிறுத்தத் தயங்குவான். எதிரணியினரோ அவனைத்தான் கேட்பர்.