எந்திரம் வரட்டும், பழுது பார்க்க ஆளும் வரட்டும்!



மாரியூர் மளிகைக் கடைக்காரருக்கும் எந்திர மனிதனுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் நம் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. கமுதியில் 2016ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தில் ஏறத்தாழ 25 லட்சம் தகடுகள் உள்ளன. அவற்றில் படியும் தூசியை அன்றாடம் துடைப்பவை எந்திரங்களே.

வெட்டவெளியில் நிற்கும் எந்திரம் வீட்டுக்குள்ளும் வந்து வெகுநாளாகிறது. 1999இல் சோனி நிறுவனம் எய்போ என்ற எந்திர நாய்க்குட்டியை விற்றது. பல்கலைக் கழகங்கள் அதையே வாங்கி, கால்பந்து ஆட வைத்து ஆராய்ச்சி செய்தன. 2002இல் அமெரிக்காவின் ஐரோபோட் நிறுவனம் தரை பெருக்கும் ரூம்பாவைக் கொண்டு வந்தது. 2025 அக்டோபரில் நியோ என்ற வீட்டு வேலை எந்திரத்துக்கு 20,000 டாலர் விலை சொல்லி முன்பதிவு தொடங்கினார்கள். நம் பணத்தில் 17 லட்ச ரூபாய்க்கு மேல்! அதற்குத் தெரியாத வேலை வந்தால், எங்கோ இருக்கும் ஊழியர் அதன் கண் வழியாக நம் வீட்டைப் பார்த்து அதை இயக்குவாராம்.

வியாபாரிகளாகிய நாம் இதில் இரண்டு கணக்குப் பார்க்க வேண்டும்.

முதலாவது, சரக்குக் கணக்கு. தரை பெருக்கும் எந்திரத்தை உலகெங்கும் பரப்பிய அதே ஐரோபோட், மலிவான போட்டிச் சரக்கைத் தாங்க முடியாமல் 2025 டிசம்பரில் திவால் மனு கொடுத்தது. முன்னோடிக்கே இந்தக் கதி என்றால், பெயர் தெரியாத கம்பெனியின் சரக்கை நம்பி முதல் போடுவது எப்படி? கடல் மணலும் உப்புக் காற்றும் உள்ள ஊர் இது. சக்கரம் சிக்கினால் வாடிக்கையாளர் கம்பெனியைத் தேடிப் போகமாட்டார். நம் கடை வாசலில்தான் வந்து நிற்பார்.

இரண்டாவது, கூலிக் கணக்கு. உப்பளத்தில் கூலி வாங்கிய கைதான் மாலையில் நம்மிடம் அரிசியும் பருப்பும் வாங்குகிறது. எந்திரம் கால் கிலோ சர்க்கரைகூட வாங்காது. தொழிலாளி வீட்டு அடுப்பு அணைந்தால் நம் கல்லாவும் காலிதான்.

அதற்காக எந்திரமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. கழிவுத் தொட்டிக்குள் மனிதன் இறங்கிச் சாகக் கூடாது என்பதற்காகச் சென்னை ஐ.ஐ.டி. ஹோமோசெப் என்ற எந்திரத்தை உருவாக்கியது. அப்படி உயிரைக் குடிக்கும் வேலைகளுக்கு எந்திரம் வரட்டும். இரு கை நீட்டி வரவேற்போம்.

நாம் கேட்பவை இரண்டே. விற்கும் கம்பெனி இராமநாதபுரத்திலேயே பழுது பார்க்கும் நிலையம் வைத்து, உத்தரவாதத்தை எழுத்தில் தர வேண்டும். நம் மாவட்டத் தொழிற்பயிற்சி நிலையங்களில் இவ்வெந்திரங்களைப் பிரித்து மாட்டும் வேலையை நம் பிள்ளைகளுக்குக் கற்றுத் தர வேண்டும். அப்போது பறிபோகும் கூலியில் ஒரு பங்காவது இந்த மண்ணிலேயே தங்கும்.

இந்த இரண்டும் கிடைக்கும் வரை, ஆசை வார்த்தை கேட்டு எவரும் முன்பணம் கட்ட வேண்டாம். முதலைக் காப்பதும் வியாபாரமே!