மன்னிப்பு அந்தத் தாயின் உரிமை. நீதி அரசின் கடமை

ஒடிசாவில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரு மகன்களும் எரித்துக் கொல்லப்பட்ட வழக்கு மீண்டும் பேசப்படுகிறது. ஆயுள் கைதியாக இருந்த மகேந்திர ஹெம்பிராம், நன்னடத்தையின் பேரில் 2025 ஏப்ரலில் விடுவிக்கப்பட்டார். முதன்மைக் குற்றவாளி தாரா சிங்கும் முன்விடுதலை கேட்டு உச்ச நீதிமன்றம் சென்றிருக்கிறார்.

நம் பிள்ளைகளில் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள். 1999 ஜனவரி 22 நள்ளிரவு. கியோஞ்சர் மாவட்டம் மனோகர்பூரில் கிறிஸ்தவக் கூட்டத்துக்கு வந்திருந்த ஸ்டெயின்ஸ், 10 வயது பிலிப், 6 வயது திமோத்தி ஆகிய மூவரும் வண்டிக்குள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு கும்பல் வண்டிக்குத் தீ வைத்தது. பாரிபதாவில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொழுநோயாளிகளிடையே பணியாற்றியவர் அவர். மதம் மாற்றுகிறார் என்பதே அவர்மீது கும்பல் சுமத்திய குற்றம்.

அவருடைய மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னித்துவிட்டதாக அறிவித்தார். உடனே ஊர் திரும்பவும் இல்லை. மகளோடு பாரிபதாவிலேயே தங்கித் தொழுநோயாளர் இல்லத்தைத் தொடர்ந்து நடத்தினார். கணவரின் நினைவாக ஒரு மருத்துவமனையும் அங்கே எழுந்தது. 2005-ல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது. துன்பத்தின் நடுவிலும் நம்பிக்கை இழக்காத கிறிஸ்தவர்களின் அழைப்புப் பணிக்கு இது ஒரு சான்று. கொள்கையில் அவர்களோடு நமக்குள்ள வேறுபாடு தெளிவானது. அதற்காக இந்தப் பொறுமையை மதிக்கத் தவறினால் நாம் நேர்மையாளர்கள் அல்ல.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மன்னிப்பு வேறு, குற்றத்தின் விளைவு வேறு என்பதில் கிளாடிஸும் தெளிவாகவே இருந்தார். நமது மார்க்கச் சட்டமும் கொலையில் மன்னிக்கும் உரிமையைக் கொல்லப்பட்டவரின் வாரிசுகளுக்கே தருகிறது. அவர்கள் பெயரால் ஆட்சியாளர் தாராளம் காட்ட முடியாது. 'அந்த அம்மாவே மன்னித்துவிட்டாரே' என்று இன்று சிலர் சொல்வது, அவருடைய பெருந்தன்மையைக் கொலையாளிகளுக்குக் கேடயமாக்குவதாகும்.

இது கிறிஸ்தவர்களின் பிரச்சினை மட்டும்தானா? அதே 1999-ல் மயூர்பஞ்ச் மாவட்டத்தில் ஷேக் ரஹ்மான் என்ற முஸ்லிம் வியாபாரியும், அருள்தாஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியாரும் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்குகளிலும் தண்டிக்கப்பட்டவர் இதே தாரா சிங்தான். வெறுப்பு கொண்டவனுக்குப் பள்ளிவாசலும் தேவாலயமும் ஒன்றே. நாம் மட்டும் ஏன் பிரித்துப் பார்க்க வேண்டும்?

பில்கிஸ் பானு வழக்கில் 2022-ல் குஜராத் அரசு 11 பேரை விடுவித்தபோது நாம் கொதித்தோம். 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தபோது ஆறுதல் அடைந்தோம். அதே அளவுகோல் மனோகர்பூருக்கும் பொருந்த வேண்டும்.

தன் சமயத்தைப் பின்பற்றவும் எடுத்துரைக்கவும் அரசமைப்பின் 25-ஆம் பிரிவு தரும் உரிமையில்தான் நமது தஃவாப் பணியும் நிற்கிறது. மடாலயங்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் இடிக்கப்படாமல் காக்கப்படுவதைப் பற்றிக் குர்ஆனின் ஹஜ் அத்தியாயம் ஒரே வசனத்தில் பேசுகிறது. அடுத்த தெருவில் ஒரு ஜெபக்கூடம் தாக்கப்பட்டால், நமது ஜமாஅத் நிர்வாகிகள் அன்றே நேரில் சென்று துணை நிற்கட்டும். நீதியில் பாரபட்சம் காட்டாத சமுதாயமாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக.