கரண்ட் கட்டும் முகமூடிக் கொள்ளைக்காரனும்

ரெண்டு மாசமா எழுதணும் எழுதணும்னு நினைச்சு, ஆபீஸ்ல ஆணி அதிகம்ங்கிறதால தள்ளிக்கிட்டே வந்த பதிவு இது. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, காட்டாங்குளத்தூர்ல நல்ல மழை, கரண்ட் வேற இல்ல. லேப்டாப்ல சார்ஜ் இருக்கிற வரைக்கும் எழுதிடறேன். (கரண்ட் இல்லாததுக்கும் பதிவுக்கும் ஒரு சம்பந்தம் இருக்கு, பின்னாடி வரும்.)

எது வரைக்கும் கிண்டல், எங்கிருந்து அவமானம்? இதான் மேட்டர்.

இதைப் பத்தி யாரு பேச ஆரம்பிச்சாலும் மொதல்ல 1987-க்குத்தான் போகணும். நான் அப்ப பொறக்கவே இல்ல, அப்பா சொல்லிக் கேட்ட கதை. அந்த வருஷம் மார்ச் கடைசியில ஆனந்த விகடன் அட்டையில ஒரு ஜோக். மேடையில ரெண்டு பேர். இதுல யாரு எம்.எல்.ஏ., யாரு மந்திரின்னு ஒருத்தர் கேக்க, பிக்பாக்கெட் மாதிரி இருக்கிறவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருக்கிறவர் மந்திரின்னு இன்னொருத்தர் சொல்ற மாதிரி. அவ்ளோதான். பேரு கிடையாது, கட்சி கிடையாது. இன்னிக்கு இதைவிட காரமான மீம் நம்ம வாட்ஸப்புல காலையில குட்மார்னிங்குக்கு முன்னாடியே வந்துடுது.

ஆனா சட்டசபைக்குப் புண்பட்டுடுச்சு. சபாநாயகர் பி.எச்.பாண்டியன், மன்னிப்பு கேளுன்னார். ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியன் முடியாதுன்னுட்டார். ஒரு ஜோக்குக்கு மூணு மாசம் கடுங்காவல்! நாடு முழுக்க பத்திரிகைக்காரங்க கொதிச்சு எழுந்ததும் சில நாள்லயே விட்டுட்டாங்க. மனுஷன் அதோட விடல. கோர்ட்டுக்குப் போனார். 1994-ல சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொல்லி ஆயிரம் ரூபாய் நஷ்டஈடும் கொடுக்கச் சொல்லுச்சு. அந்த ஆயிரம் ரூபாயை அவர் செலவு பண்ணல, ஃப்ரேம் போட்டு மாட்டிக்கிட்டார். எனக்கு அந்த ஜோக்கைவிட இந்த ஃப்ரேம்தான் பெரிய ஜோக்கா தெரியுது.

அப்புறம் 38 வருஷம் கழிச்சு அதே விகடனுக்கே மறுபடியும். 2025 பிப்ரவரியில அமெரிக்கா நம்ம ஆளுங்களை விலங்கு போட்டு ராணுவ விமானத்துல திருப்பி அனுப்புச்சு இல்லையா, அதை வெச்சு பிரதமர் மோடி கையில விலங்கோட ட்ரம்ப் பக்கத்துல உக்காந்திருக்கிற மாதிரி விகடன் ப்ளஸ்ல ஒரு கார்ட்டூன். பிப்ரவரி 15 சாயங்காலத்துல இருந்து சைட்டே திறக்கல. மார்ச் 6-ம் தேதி சென்னை உயர்நீதிமன்றம், அந்தக் கார்ட்டூனை தற்காலிகமா எடுங்க, சைட்டைத் திறந்து விடச் சொல்றேன்னு உத்தரவு போட்டுச்சு. ஒரே ஒரு படத்துக்காக மொத்தக் கடைக்கும் பூட்டு. நம்ம ப்ரொடக்‌ஷன் சர்வர்ல ஒரு பக்கத்துல பக் இருக்குன்னு யாராவது மொத்த சர்வரையும் ஆஃப் பண்ணா, மறுநாள் மேனேஜர் நமக்கு டீ பார்ட்டி வெச்சு வழியனுப்பிடுவாரு.

நடுவுல 2017-ல கார்ட்டூனிஸ்ட் பாலா. கந்துவட்டிக் கொடுமையில நெல்லை கலெக்டர் ஆபீஸ் வாசல்லயே ஒரு குடும்பம் குழந்தைகளோட தீக்குளிச்சுது. முதல்வர், கலெக்டர், போலீஸ் கமிஷனர் மூணு பேரும் துணியில்லாம ரூபாய் நோட்டை வெச்சு மறைச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி அவர் வரைஞ்சார். கைது. மறுநாள் ஜாமீன். படம் ஆபாசம்னு சொன்னாங்க. எரிஞ்சு கிடந்த குழந்தைங்க போட்டோவைவிடவா?

இந்த மூணுலயும் எனக்குக் குழப்பமே இல்ல. புண்பட்டவங்க கையில போலீஸ் இருக்கு, சட்டசபை இருக்கு, நெட்டை நிறுத்துற சுவிட்ச் இருக்கு. அவங்களைக் கிண்டல் பண்றதுக்குத்தான் கார்ட்டூனே கண்டுபிடிச்சாங்க. வாங்குற சம்பளத்துல அதுவும் அடக்கம்னு எடுத்துக்க வேண்டியதுதான்.

'அப்ப மேல இருக்கிறவனைக் கிண்டல் பண்ணலாம், கீழ இருக்கிறவனைப் பண்ணக்கூடாது, மேட்டர் ஓவர்'னு முடிச்சிடலாமான்னா... அங்கதான் இடிக்குது.

2012-ல பாடப்புத்தகக் கார்ட்டூன் பிரச்சினை வந்துச்சே, ஞாபகம் இருக்கா? என்.சி.இ.ஆர்.டி. பதினொண்ணாவது புத்தகத்துல சங்கர் 1949-ல வரைஞ்ச கார்ட்டூன். அரசியல் சட்டம் எழுதற வேலை நத்தை வேகத்துல போகுதுன்னு சொல்ல, அம்பேத்கர் நத்தை மேல உக்காந்திருப்பார், பின்னாடி நேரு கையில சாட்டை. நான் மொதல்ல பார்த்தப்ப எனக்கு நத்தைதான் தெரிஞ்சுது. டெட்லைன் ஜோக், அவ்ளோதானேன்னு நினைச்சேன். ஆபீஸ்ல பக்கத்து சீட் நண்பர் ஒருத்தர்கிட்ட காட்டினேன். அவர் பார்த்த உடனே சொன்னது, "சாட்டையைப் பார்த்தீங்களா?" அவங்க தாத்தா பண்ணையில வேலை பார்த்தவர். ஒரே படம்தான். என் கண்ணு நத்தைக்குப் போச்சு, அவர் கண்ணு சாட்டைக்குப் போச்சு. வரைஞ்சவர் அப்படி நினைச்சே இருக்க மாட்டார், ஒத்துக்கறேன். ஆனா நினைக்காததால சாட்டை இல்லாம போயிடுமா?

அதே வருஷம் இன்னொண்ணு, இது நம்ம ஏரியா. பன்னெண்டாவது புத்தகத்துல ஆர்.கே.லக்ஷ்மண் கார்ட்டூன். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்துல கல்லெறியற மாணவனுக்கு இங்கிலீஷும் தெரியாதுங்கிற மாதிரி நக்கல். கலைஞர், வைகோ எல்லாம் எடுக்கச் சொல்லிக் குரல் கொடுத்தாங்க. அதைப் பார்த்தப்ப எனக்கு சுர்ருன்னு ஏறுச்சு பாருங்க! சின்னசாமி 1964-ல திருச்சியில தீக்குளிச்சவர். ஊர்வலம் போனவன் எல்லாம் துப்பாக்கிச் சூடு வாங்கியிருக்கான். இவரு நோகாம உக்காந்துக்கிட்டு இங்கிலீஷ் தெரியுமான்னு கேக்கறாரு. நத்தைக் கார்ட்டூனுக்கு 'விடுங்க பாஸ்'னு சொன்ன அதே ஆள்தான் நான். தனக்கு வந்தாதான் தலைவலியும் காய்ச்சலும்னு சும்மாவா சொன்னாங்க.

ஆனா இந்தப் பிரச்சினையில என்னை ரொம்ப யோசிக்க வெச்சது எம்.எஸ்.எஸ்.பாண்டியன். திராவிட இயக்கத்தைப் பத்தி அவரளவுக்கு ஆராய்ச்சி பண்ணவங்க கம்மி. இந்தக் கார்ட்டூன்களை எல்லாம் பார்த்து முடிவு சொல்ல தோரட் தலைமையில ஒரு குழு போட்டாங்க, அதுல அவரும் உறுப்பினர். பல படங்களை எடுக்கணும்னு குழு சொன்னப்ப, ஒத்துக்காம தனியா குறிப்பு எழுதிக் கொடுத்தது அவர் ஒருத்தர்தான். கோவம் வர எல்லா நியாயமும் இருக்கிற ஒரு தமிழ் ஆளு, எடுக்காதேன்னு சொன்னது எனக்குப் பெரிய விஷயமா தெரியுது. நானும் இப்ப அந்தப் பக்கம்தான். லக்ஷ்மண் படம் இருக்கட்டும். பக்கத்துலயே 1965-ல என்ன நடந்துச்சுன்னு ஒழுங்கா எழுதுங்க. பசங்க திட்டிக்கட்டும், கிளாஸ்ல சண்டை போட்டுக்கட்டும். சாட்டை விஷயத்துல மட்டும் என்னால அவ்ளோ தெளிவா சொல்ல முடியல. அதுல சொல்ல வேண்டியது நான் இல்லையோன்னு தோணுது.

சரி, சினிமாவுக்கு வருவோம், அது இல்லாம பதிவா. கவுண்டமணி செந்திலை உதைக்காத படமே இல்ல. ஆனாலும் 1989 கரகாட்டக்காரன் வாழைப்பழத்தை நினைச்சுப் பாருங்க, ஜெயிச்சது யாரு? உதை வாங்கினவன்தான். வடிவேலுவும் அப்படித்தான், அடி வாங்கற கைப்புள்ளதான் நம்ம ஆளு. ஆனா திருநங்கைகளைக் காட்டின விதம்? அவங்க வந்தாலே தியேட்டர்ல சிரிக்கணும்னு எழுதாத சட்டம். திருப்பி அடிக்க அவங்களுக்கு ஒரு டயலாக்கூட கொடுக்கல. 2015-ல 'ஐ' படத்தை எதிர்த்து அவங்க போராடினப்பதான் நிறைய பேருக்கு, ஓ இவங்களும் தியேட்டருக்கு வர்றாங்களான்னே உறைச்சுது. எனக்கும்தான்.

இப்ப கரண்ட் கட்.

ஜி.எஸ்.டி. ரோட்டுல தடுக்கி விழுந்தா ஒரு இன்ஜினியரிங் காலேஜ் வாசல்லதான் விழணும். அதுல ஒண்ணுலதான் படிச்சேன். ஆறு பேர் சேர்ந்து இங்க காட்டாங்குளத்தூர்ல வீடு எடுத்திருந்தோம். அதுல ஒருத்தன் நல்ல கறுப்பு. மொத வாரமே, ராத்திரி கரண்ட் போனப்ப, "டேய் இவன் எங்கடா, பல்லைக் காட்டுடா"ன்னு ஒருத்தன் சொன்னான். அன்னியில இருந்து அவன் பேரு 'கரண்ட் கட்'. நாலு வருஷம். ஹால் டிக்கெட்டுல மட்டும்தான் சொந்தப் பேரு. அந்த 'ஒருத்தன்' யாருன்னு கேக்கறீங்களா? அடியேன்தான்.

எங்க காலேஜ்ல ராகிங் கிடையாது. 1996-ல மருத்துவ மாணவர் நாவரசு கொலையானதுக்கப்புறம் 1997-ல தமிழ்நாட்டுலதான் முதல்ல ராகிங்குக்குத் தனிச் சட்டம் வந்துச்சு. மொத நாளே அதை எல்லாம் ஸ்லைடு போட்டுக் காட்டினாங்க. அந்தச் சட்டத்தைப் போன மாசம்தான் எடுத்துப் படிச்சேன். அடி உதை மட்டும் இல்ல, கேலி பண்றது, விளையாட்டுக் காட்டுறது, கூச்சப்பட வைக்கிறது எல்லாமே அதுல ராகிங்தான். ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில். சீனியர் செஞ்சா மாட்டிக்குவான். கூட ஒரே பாயில படுக்கிறவன் செஞ்சா அதுக்குப் பேரு நட்பு.

ரெண்டு மாசம் முன்னாடி ஒரு நண்பன் கல்யாணம், கூடுவாஞ்சேரில. அவனும் வந்திருந்தான், புதுசா கல்யாணமானவன், கூட மனைவி. மண்டப வாசல்லயே நம்ம கோஷ்டி, "கரண்ட் கட் வந்தாச்சுடோய்"னு கத்துச்சு. அவன் எப்பவும் போல எல்லாருக்கும் முன்னாடி சிரிச்சான். அந்தப் பொண்ணு சிரிக்கல. அவனையே பார்த்துச்சு.

சாயங்காலம் பழைய வீட்டைக் காட்டறேன்னு இங்க கூட்டிட்டு வந்திருந்தான். திரும்பறப்ப ஸ்டேஷன் வரைக்கும் போனேன். அவங்க தண்ணி வாங்கப் போனப்ப கேட்டேன், "மச்சான், அந்தப் பேரு உனக்குக் கஷ்டமா இருந்துச்சாடா? நீயே சிரிப்பியேடா?"

"மொத செமஸ்டர்ல ஒருநாள் சிரிக்காம இருந்து பார்த்தேன் மச்சான். அன்னிக்கு நைட்டு நீங்க யாரும் என்னை மெஸ்ஸுக்குக் கூப்பிடல. தனியா போய்ச் சாப்பிட்டேன். மறுநாள்ல இருந்து சிரிக்க ஆரம்பிச்சேன்."

கோவமா எல்லாம் சொல்லல. ட்ரெயின் எத்தனை மணிக்குன்னு சொல்ற மாதிரி சொன்னான்.

சத்தியமா எனக்கு அந்த நாள் ஞாபகமே இல்ல. எவ்ளோ யோசிச்சும் வரல. அந்த எம்.எல்.ஏ.க்களுக்குச் சிரிக்காம இருக்கிற வசதி இருந்துச்சு, சிரிக்காததுக்கு ஒரு ஆசிரியரை ஜெயில்லயே போட முடிஞ்சுது. இவனுக்குச் சிரிக்கலைன்னா சோத்துக்குத் துணைக்கு ஆள் இல்ல. ஒரு ஜோக் எங்க முடியுதுன்னு இப்ப யாராவது கேட்டா, நான் ஜோக்கைப் பார்க்கறதில்ல. எதிர்ல இருக்கிறவன் சிரிக்காம இருந்தா அவனுக்கு என்ன ஆகும்னுதான் பார்க்கறேன்.

தாம்பரம் ட்ரெயின் வந்துச்சு, ஏறிட்டாங்க. வீட்டுக்கு வந்து எங்க வாட்ஸப் குரூப் பேரை மாத்தினேன். 'கரண்ட் கட் அண்ட் கோ'ன்னு ஏழு வருஷமா இருந்தது. உடனே ஒருத்தன், "ஏன்டா மாத்தின, ஜாலியாத்தானே இருந்துச்சு?"ன்னான். இன்னொருத்தன் ரெண்டு கண்ணீர் ஸ்மைலி போட்டான். அவன் பார்த்ததுக்கு ப்ளூ டிக் வந்துச்சு. ஒண்ணும் எழுதல.

டிஸ்கி: சார்ஜ் 6%. எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க மக்கா.