ஜார்ஜியா டர்னர் பாடிய பாட்டு

'ஹவுஸ் ஆஃப் தி ரைஸிங் சன்' என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது 1964இல் 'தி அனிமல்ஸ்' என்ற இங்கிலாந்துக் குழு பாடியதுதான். ஹில்டன் வேலன்டைன் கிதாரின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக உருட்டித் தொடங்குவார். ஆலன் பிரைஸின் ஆர்கன் பின்னாலிருந்து ஏறி வரும். எரிக் பர்டன் தாழ்ந்த குரலில் ஆரம்பித்துக் கதறலில் கொண்டுபோய் நிறுத்துவார். ஒரே டேக்கில் முடிந்த பதிவு. நான்கு நிமிடத்துக்கு மேல் ஓடும் அந்தப் பாட்டு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது.

எனக்கு அது ஜார்ஜியா டர்னரின் பாட்டு. 1937இல் ஆலன் லோமாக்ஸ் நாட்டுப்பாடல் சேகரிக்க ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு கென்டக்கி மாநிலத்தின் மலைப்பகுதியெல்லாம் அலைந்தார். மிடில்ஸ்பரோ என்ற ஊரில் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள், பதினாறு வயது ஜார்ஜியா, அவருக்கு இதைப் பாடிக் கொடுத்தாள். நியூ ஆர்லியன்ஸில் ஒரு வீட்டில் வாழ்க்கையைத் தொலைத்த பெண், தன் தங்கைக்காவது இந்தக் கதி வரக்கூடாதே என்று மனம் நொந்து பாடும் பாட்டு. அதைப் பாடுவது அந்தச் சின்னக் குரல் என்பதுதான் நெஞ்சைப் பிசைகிறது.

அவள் இயற்றியதல்ல. 1933லேயே கிளாரன்ஸ் ஆஷ்லி இதை இசைத்தட்டில் பாடியிருக்கிறார், ஆணின் புலம்பலாக. ஆனால் 1941இல் லோமாக்ஸின் தொகுப்பு நூலில் அச்சேறிய பிறகுதான் இது வெகுதூரம் பயணப்பட்டது. லெட்பெல்லியிடம் ப்ளூஸ் ஆனது. நீனா சிமோனிடம் ஜாஸ் வாசனை பிடித்தது. நியூயார்க்கில் டேவ் வான் ராங்க் புதிய ஸ்வரக்கூட்டுகளைக் (chords) கோத்துப் பாடிவந்தார். அவர் இசைத்தட்டு போடுமுன்னே பாப் டிலன் அதே அமைப்பைத் தன் முதல் ஆல்பத்தில் பதிந்துவிட்டார். டிலனும் பெண்ணாகவே பாடினார். ஆஷ்லியைப் போலவே அனிமல்ஸ் அந்த வீட்டை மீண்டும் ஓர் இளைஞனின் அழிவுக்கான இடமாக்கியது. அந்த மாற்றம் எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது. பெண்ணின் வாயிலிருந்து வரும்போது அந்தப் பாட்டில் தப்பிக்க வழியே இல்லை. 1981இல் டாலி பார்ட்டன் அதைத் துணிந்து பாலியல் விடுதிப் பெண்ணின் கதையாகவே பாடினார். 2013இல் ஃபைவ் ஃபிங்கர் டெத் பஞ்ச் குழு மெட்டலாக முழக்கியது.

அனிமல்ஸ் இசைத்தட்டில் மரபுப் பாட்டை ஒழுங்கமைத்தவராக (அரேஞ்சர்) அச்சானது ஆலன் பிரைஸின் பெயர் மட்டுமே. ராயல்டியும் அவருக்கே போனதில் மற்ற நால்வருக்கும் தீராத வருத்தம். அவர்களாவது புகழைக் கண்டார்கள். ஜார்ஜியாவின் கைக்கு வந்ததோ சொற்பத் தொகை. 1969இல் ஐம்பது வயதுகூட நிறையாமல் இறந்துபோனாள்.

லோமாக்ஸ் பதிந்த அவள் குரல் இன்று இணையத்தில் கிடைக்கிறது. அனிமல்ஸ் பாட்டைக் கேட்டு ரசித்தவர்கள் தயவுசெய்து அதையும் ஒருமுறை கேளுங்கள்.