குலமுறை ஆராய்ச்சியின் பயன்

குலப்பெருமை பேசுதல் மக்கட்கு இயல்பு. பிறப்பினால் ஒருவர்க்குச் சிறப்பு வாராதாதலின், முன்னோரைத் தேடுதல் வீண்வேலை என்பாரும் உளர். இவ்விரு சாராரும் ஆபிரகாம் லிங்கன் குலவரலாற்றை நோக்குதல் நலமென எண்ணுகின்றோம்.

லிங்கனார் 1809-ஆம் ஆண்டில் கென்டக்கி நாட்டுப்புறத்தில், மரக்கட்டைக் குடிலொன்றில், உழவரொருவர்க்கு மகனாய்ப் பிறந்தார். அவர்தம் பாட்டனார் வர்ஜீனியாவினின்று அங்குக் குடியேறி, 1786-இல் தொல்குடியினரால் கொல்லப்பட்டார். அந்நாளில் சிறுவராயிருந்த தந்தையார் தாமஸ், கல்விப்பேறின்றி வளர்ந்தார். ஆதலின் குடும்ப வரலாறு பெரும்பாலும் மறைந்தொழிந்தது. 1848-இல் லிங்கனார் மாசச்சூசெட்ஸைச் சார்ந்த ஹிங்ஹாம் ஊரிலும் வர்ஜீனியாவிலும் தம் குடிப்பெயர் தாங்கியவர்க்குக் கடிதம் விடுத்து வினவினார். மொர்தெகாய், சாலொமோன், ஆபிரகாம் முதலிய பெயர்கள் இரு குடும்பத்தும் ஒத்து வழங்கினமையன்றி வேறு சான்று அவர்க்குக் கிட்டிலது. அவர் மறைந்த பின்னரே, 1637-இல் இங்கிலாந்தினின்று வந்து ஹிங்ஹாமில் குடியேறிய சாமுவேல் லிங்கனே அக்குலமுதல்வர் என்பதை ஆய்வாளர் நிறுவினர். லிங்கனார் தட்டிய கதவு சரியானதே. திறக்கத்தான் காலம் தாழ்த்தது.

தாயார் நான்சி ஹாங்க்ஸின் வழியோ இன்னும் நெடுங்காலம் இருண்டு கிடந்தது. அவரைப் பெற்றவள் யாவள் என்பதில் வழக்கு மிகுந்தது. லூசி ஹாங்க்ஸே அத்தாய் என்பதை 2015-இல் வெளிவந்த மரபணு ஆய்வு உறுதி செய்தது.

தந்தை வழி முன்னரும் தாய் வழி பின்னரும் துலங்கியது எற்றுக்கு? நிலப்பத்திரமும் வரிக்கணக்கும் பெரும்பாலும் ஆடவர் பெயரையே தாங்கின. 1790 முதல் 1840 வரை எடுத்த குடிக்கணக்குகளிலும் குடும்பத்தலைவர் பெயரே வரையப்பட்டது. மனைவியும் மக்களும் வெறும் எண்களாயினர். 1850-இலேதான் அடிமையல்லாதார் அனைவர் பெயரும் எழுதப்பட்டன. அவ்வாண்டிலும் 1860-இலும் அடிமைகளோ, மிகச் சிலர் நீங்கலாக, உடையவர் பெயரின்கீழ் வயது, பால், நிறம் என்ற அளவிலே பதியப்பட்டனர். 1865-இல் அடிமைமுறை ஒழிந்தது. 1870-ஆம் ஆண்டுக் கணக்கிலேதான் அம்மக்கள் யாவரும் பெயருடையராயினர். இன்று அவர்தம் வழித்தோன்றல்கள் முன்னோரைத் தேடிச் செல்லுங்கால் அவ்வாண்டே பெருஞ்சுவராய் எதிர்நிற்கின்றது. அதற்கு அப்பாலுள்ள பாட்டியின் பெயரை, அவளை உடைமையாக்கிக் கொண்டவரின் உயிலிலும் விற்பனைச் சீட்டிலுமே தேடவேண்டியுள்ளது. இதனினும் கொடிய முரண் யாதுளது?

ஆகலின் குலமுறை ஆராய்ச்சி வீண்வேலை அன்று. வீண்பெருமைக்குக் கருவியும் அன்று. அரசரையும் பிரபுக்களையும் மட்டுமே நாடிப் புறப்படுவோர், எழுதப்பட்டோரையே மீண்டும் எழுதுகின்றனர். எழுதாது விடப்பட்டோரைத் தேடுவோரே உண்மைக்குத் தொண்டு செய்வோராவர். பெயரறியாத் தாயொருத்தியின் பெயரைக் கண்டு ஏட்டில் பொறித்தல், அவளுக்கு இழைத்த அநீதியை முற்றும் போக்காது. எனினும் அவளும் ஒருத்தி வாழ்ந்தாள் என்பதை உலகம் ஒப்புக்கொள்ளச் செய்யும். மாணவ நண்பர்காள்! வரலாறு கற்கும் நாம், ஏட்டிலுள்ள பெயர்களோடு அமையாது, ஏடு விடுத்த பெயர்களையும் வினவக் கடவோம்.