யாக்கோபின் கடிதமும் கோட்டப்பாளையத்தின் வழக்கும்

திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையத்துத் தலித் கத்தோலிக்கர்கள், தங்கள் பங்கு ஆலயத்தில் நிலவும் சாதியப் பாகுபாட்டை எதிர்த்து நீதிமன்றத்தை நாடினர். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவர்களது மனுவை ஏற்கவில்லை. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் எதிர்த்தரப்பினருக்கு அறிவிக்கை அனுப்பியது. திருவிழாவில் சம உரிமை இல்லை, இறந்தோரைப் புதைக்கும் இடமும் தனி என்பவை அவர்களின் முறையீடுகளுள் சில.

இத்தகைய முறையீடுகள் எழும்போதெல்லாம் திருச்சபையும் அரசும் சொல்லும் மறுமொழி ஒன்றே: கிறித்தவத்தில் சாதி இல்லை. இந்த ஒற்றை வாக்கியமே தலித் கிறித்தவர்களின் இரு உரிமைகளையும் பறித்து வருகிறது என்பது நம் கருத்து.

முதலில் மறைநூலையே எடுத்துக்கொள்வோம். யாக்கோபின் கடிதம், இரண்டாம் அதிகாரம். பொன் மோதிரம் அணிந்தவனும் அழுக்குடை உடுத்த ஏழையும் தொழுகைக் கூடத்துக்குள் வருகின்றனர். முன்னவனுக்கு மதிப்பான இருக்கை கிடைக்கிறது. பின்னவனிடம், அங்கே நில் அல்லது என் கால்மாட்டில் உட்கார் என்கின்றனர். இதைச் செய்கிறவர்கள் விசுவாசிகளே. அவர்களிடந்தான் அக்கடிதம் பேசுகிறது. அச்செயலைப் பாவம் என்கிறது. அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு உண்டு வந்த பேதுரு, சிலருக்கு அஞ்சிப் பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். கத்தோலிக்க மரபு முதல் திருத்தந்தையாகப் போற்றுபவர் அவர். அவரைப் பவுல் நேருக்கு நேர் எதிர்த்ததைக் கலாத்தியர் கடிதம் மறைக்காமல் சொல்கிறது. கொரிந்துச் சபையின் பந்தியிலும் இதே சிக்கல்தான். எங்களிடம் பாகுபாடு இல்லை என்று அந்த நூல் எங்கும் பெருமை பேசவில்லை. இருப்பதை இருக்கிறது என்று சொல்லிக் கண்டித்தது. கட்டளையாக எழுதப்பட்ட சமத்துவத்தை நடப்புச் செய்தியாக வாசித்துக் காட்டுவது நம்மூர் மேடைப் பிரசங்கிகளின் திறமை.

நடப்பு வேறு. வடக்கன்குளம் ஆலயம் இரு சாதியினர் தனித்தனியே அமர ஏதுவாக, கால்சட்டை போன்ற இரட்டைக் கூடத்தோடு எழுப்பப்பட்டது. இடைச்சுவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இடிந்தது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்களுக்கிடையே சுவர் எழுப்பப்பட்டது. எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டதைத் தொடர்ந்து 2008 மார்ச்சில் கலவரம் மூண்டது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர்.

இனி அரசின் பக்கம். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களோடு நிறுத்திக்கொண்டது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். சென்னையில் செருப்புத் தைத்துப் பிழைத்த சூசை என்பவர், பட்டியல் சாதித் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாக வழங்கிய பெட்டிக்கடை தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து வழக்காடினார். மதம் மாறிய பின்னும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 1985இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

சான்று யாரிடம் இருந்தது? மறைமாவட்டங்களிடம். அதைத் தந்தால் திருச்சபையின் பெயர் கெடும். தராவிட்டால் சூசைகளின் வழக்கு தோற்கும். பெயர்தான் காப்பாற்றப்பட்டது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தன் தலித் மேம்பாட்டுக் கொள்கையில் இக்கொடுமை உள்ளே நிலவுவதை ஒப்புக்கொண்டது 2016 டிசம்பரில்தான். தீர்ப்பு வந்து முப்பத்தோராண்டு கழித்து.

இழப்பு இடஒதுக்கீட்டோடு முடியவில்லை. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் தலித் கிறித்தவர் சான்றிதழில் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். ஆகவே சாதியின் பெயரால் ஆலய வாசலில் அவமதிக்கப்படுபவர் அச்சட்டத்தின்கீழ்ப் புகார் தர இயலாது. அவமதித்தவரோ சாதி இந்துக்குக் கிடைக்காத பாதுகாப்போடு வீடு திரும்புவார்.

மதத்தையும் பட்டியல் சாதித் தகுதியையும் பிரித்துவிடுமாறு 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. நடவடிக்கை இல்லை. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டு, அதன் காலக்கெடுவும் நீட்டிக்கப்பட்டது. உரிமை கோரி ஊர்வலம் நடத்தும் ஆயர்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான்: ஒவ்வொரு பங்கின் கல்லறைப் பதிவேட்டையும், திருவிழா வரி ஏட்டையும், பங்குப் பேரவை உறுப்பினர் பட்டியலையும் தலித் மக்கள் பார்வைக்கு வையுங்கள். 1985இல் நீதிமன்றம் கேட்ட சான்று அந்த ஏடுகளில்தான் இருக்கிறது.