பணக்காரன் கந்தல்

சென்ற மாதம் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் நடந்த சங்கதி இது. திருச்சுழி ரோட்டுக் கிராமமொன்றின் காலனியிலிருந்து மதுரைக் காலேஜுக்குப் போய்வரும் ஒரு வாலிபன், தேய்த்த வெள்ளைச் சட்டையும் பளபளப்பாகத் துடைத்த பூட்ஸுமாய் நின்று கொண்டிருந்தான். பெஞ்சியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "துரை எந்த ஜில்லாவுக்குக் கலெக்டரோ?" என்று கேட்டார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சற்று நேரத்தில் காரிலிருந்து ஒரு முதலாளி வீட்டுப் பையன் இறங்கினான். முழங்காலில் கிழிந்த கால்சட்டை, கசங்கிய கட்டம்போட்ட சட்டை, காலில் தேய்ந்த செருப்பு. அதே பெரியவர் எழுந்து இடம்விட்டு, "எவ்வளவு சொத்து! தம்பி எவ்வளவு எளிமை, பாருங்கள்!" என்றார்.

ஒருவனுடைய சுத்தம் திமிராகவும், இன்னொருவனுடைய கிழிசல் குணமாகவும் ஆன விந்தை என்ன என்று நான் அன்று முழுதும் யோசித்துக் கொண்டிருந்தேன்.

இந்தப் புத்தி நம் ஊருக்கு மாத்திரம் சொந்தமென்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்கா தேசத்தில் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். "பிரெப்பி" என்பது அந்தப் பெயர். பெரிய காலேஜுகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் "பிரிபரேட்டரி" பள்ளிக்கூடம் என்பதன் சுருக்கம் அது. 1778இல் ஆரம்பித்த ஆண்டோவர், 1781இல் ஆரம்பித்த எக்ஸீட்டர் முதலிய பள்ளிகளில் நெடுங்காலம் பெரும்பாலும் பெரிய இடத்துப் பிள்ளைகளே விடுதியில் தங்கிப் படித்தார்கள். அங்கிருந்து ஹார்வார்டு, யேல், பிரின்ஸ்டன். அதற்குப் பின் பாங்கி, வக்கீல் தொழில், சர்க்கார் பதவி. பாட்டன் போன வழியில் பேரன் போவது அங்கே வழக்கம். முன்பு படித்தவர் பிள்ளை என்பதற்காகவே அந்தக் கலாசாலைகள் நெடுங்காலமாகச் சலுகை காட்டி வந்திருக்கின்றன. யேலில் பெண்களை இளங்கலை வகுப்பில் சேர்த்துக் கொண்டதே 1969இல்தான். இங்கே "தகுதி, திறமை" என்று தொண்டை கிழியப் பேசுகிறவர்கள் இதையும் கொஞ்சம் படித்துப் பார்ப்பது நல்லது.

இனி அவர்கள் உடையைப் பார்ப்போம். நுனியில் பொத்தான் வைத்துப் பூட்டிய காலர்ச் சட்டை, காக்கிக் கால்சட்டை, பித்தளைப் பொத்தான் வைத்த நீலக் கோட்டு, நாடா இல்லாத ஜோடு, அதுவும் காலுறை இல்லாமல். வெயில் காலத்துக்கு "மெட்ராஸ்" என்னும் கட்டம்போட்ட பருத்திச் சட்டை. டென்னிஸ் ஆடுவதும், பாய்மரப் படகு விடுவதும், கோடையில் கடற்கரைப் பங்களாவில் கிடப்பதுமான ஜீவியத்துக்கு ஏற்றபடி அமைந்த உடை. ஆனால் அந்தக் காலரை நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்காரர்கள் இங்கிலீஷ் போலோ ஆட்டக்காரர்களைப் பார்த்துத்தான் 1896இல் எடுத்துக் கொண்டார்கள். அந்த இங்கிலீஷ்காரர்கள் போலோவைக் கற்றது மணிப்பூர்க்காரர்களிடம். காக்கி என்பது நம் தேசத்துப் படையில் வந்த உடை. அந்த வார்த்தைக்குப் புழுதி நிறம் என்று பொருள். (புழுதி நமக்குத் தை முதல் ஆடி வரை ஓசியாகவே கிடைக்கிறது.) மெட்ராஸ் துணியோ, பெயரே சொல்லுகிறபடி, நம் பக்கத்துத் தறியில் விழுந்தது. நாம் கைலி என்று இடுப்பில் கட்டுகிற கட்டத்துக்கும் அதற்கும் ஒரே குலம்.

யேல் என்ற பெயரே எங்கிருந்து போயிற்று? எலிஹு யேல் என்பவன் 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராயிருந்து பெரும்பணம் சேர்த்தவன். 1718இல் அவன் அந்தக் காலேஜுக்கு 417 புத்தகங்களையும், ராஜாவின் படம் ஒன்றையும், ஒன்பது மூட்டைச் சரக்கையும் அனுப்பினான். மூட்டையில் பெரும்பாலும் துணிமணி. அதை விற்று ஐந்நூறு பவுனுக்கு மேல் வந்தது. அந்த உபகாரத்துக்குத்தான் காலேஜுக்கு அவன் பெயர். சென்னையில் சம்பாதித்த பணம் போட்ட அந்தக் காலேஜின் பையன்கள் பின்னாளில் சென்னைத் துணியை உடுத்திக்கொண்டு உலாவினார்கள் என்பது வேடிக்கைதான்.

அந்தத் துணியின் கதை அதைவிட வேடிக்கை. 1958இல் சி. பி. கிருஷ்ணன் நாயர் என்ற வியாபாரி, பின்னாளில் லீலா ஓட்டல்களை ஏற்படுத்தியவர், ஒரு அமெரிக்கத் துணி வியாபாரிக்கு மெட்ராஸ் துணியை விற்றாராம். பச்சைத் தண்ணீரில் பதமாய்த் துவைக்க வேண்டுமென்று சொல்லி அனுப்பியதைக் கடைக்காரர்கள் வாங்குபவரிடம் சொல்லவில்லை. சாயம் ஓடிற்று. வழக்குப் போடுவதாக மிரட்டல் வந்தது. ஆனால், ஒவ்வொரு வெளுப்புக்கும் ஒரு புது நிறம் காட்டும் அதிசயத் துணி என்று பத்திரிகையில் எழுதிவிட்டார்கள். அவ்வளவுதான், சாயம் போவதே பெருமையாகிவிட்டது! இதே சாயம் நம் ஊர்ச் சந்தையில் வாங்கிய துணியில் ஓடியிருந்தால் ஜவுளிக்கடைக்காரன் கதி என்ன ஆகியிருக்கும்? துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த மெட்ராஸ் கால்சட்டைக்கும் அங்கே மதிப்பு உண்டு. நம் பாட்டிமார் ஒட்டுப்போட்டது வேறு துணியில்லாததால்.

பிரெப்பி என்பதன் மூலத்துவம் இதில்தான் இருக்கிறது. காலர் நைந்திருக்க வேண்டும். கோட்டு தகப்பன் போட்டதாக இருந்தால் விசேஷம். புதுசாய் மினுக்கினால் "நேற்றுப் பணக்காரன்" என்று இளப்பம். நான் யாருக்கும் என்னை நிரூபிக்க வேண்டியதில்லை, என் பாட்டன் நிரூபித்துவிட்டான் என்பதே அந்தக் கந்தலின் பேச்சு. கந்தலை அவன் எந்த நேரமும் கழற்றிவிடலாம். கழற்ற முடியாதவன் கட்டினால் அதற்குத் தரித்திரம் என்று பெயர்.

ஆனாலும் அந்த வேலியைத் தாண்டினவர்களும் உண்டு. குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்து, புரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் சிப்பந்தியாயிருந்த ரால்ப் லாரன், 1967இல் போலோ என்று தொழில் தொடங்கி அந்தப் பெரிய வீட்டு உடையை உலகத்துக்கெல்லாம் விற்றார். மைல்ஸ் டேவிஸ் போன்ற கறுப்பின சங்கீத வித்துவான்கள் 1950களில் அதே உடையைத் தைத்துப் போட்டார்கள், ஆனால் கசங்கல் இல்லாமல், கத்திமுனை போன்ற மடிப்போடு. அவர்கள் கசங்கலாக நடந்தால் போலீஸ்காரன் அதைக் குணமென்று எடுத்துக் கொண்டிருப்பானா?

நிற்க. நம் பக்கம் திரும்புவோம். அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அப்போது இருந்த அதே ராமநாதபுரம் ஜில்லாவில், 1930 டிசம்பரில், ஆதிதிராவிடர் செய்யக்கூடாதவை என்று ஆதிக்க ஜாதியார் எட்டுக் கட்டளை போட்டார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக்கூடாது, கோட்டு, சட்டை, பனியன் போடக்கூடாது, கிராப்பு வெட்டக்கூடாது, குடை பிடிக்கவோ செருப்பு மாட்டவோ கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மறைக்கக்கூடாது, பூ வைக்கக்கூடாது. மீறினவர்கள் குடிசைகளைக் கொளுத்தினார்கள், தானியத்தை அழித்தார்கள், ஆடுமாடுகளைக் கொள்ளையிட்டார்கள். ஜனத்தொகைக் கணக்கு அதிகாரியாயிருந்த ஹட்டன் துரை இதையெல்லாம் வரிசையாகவே எழுதி வைத்திருக்கிறார். நாட்டில் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத இந்தச் சட்டத்துக்கு இருந்த பலம், பீனல் கோடுக்கு இருந்ததா?

இதற்கு ஒன்பது வருஷம் முன்னே, 1921 செப்டம்பரில், இங்கிருந்து மூன்று நான்கு காத தூரத்திலுள்ள மதுரையில் தோழர் காந்தியார் சட்டையைக் கழற்றி அரைவேட்டி கட்டினார். தேசமே கும்பிட்டது. திருச்சுழியில் 1879இல் பிறந்து திருவண்ணாமலைக்குப் போன ரமணரோ கோவணத்தோடு இருந்தார். வெள்ளைக்காரரும் வந்து விழுந்தார்கள். அவர்கள் நோக்கத்தைப் பற்றி இங்கே வழக்கில்லை. கழற்றுவதற்கு அவர்களிடம் சட்டை இருந்தது என்பதே நான் சொல்லுவது. சட்டை போட்டால் குடிசை எரியும் என்றிருந்தவனுக்கு இந்த எளிமையில் என்ன புதுமை? டாக்டர் அம்பேத்கர் கோட்டும் டையுமாக நின்றதை ஆடம்பரம் என்று சொன்னவர்கள், இந்தக் கட்டளைகளை ஒருதரம் வாசித்திருந்தால் வாயை மூடியிருப்பார்கள்.

இதைச் சொல்வதால், கரிசல் வெயிலில் பச்சைக் குழந்தைகளுக்கு டை கட்டி பூட்ஸ் மாட்டி அனுப்பும் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தாரை நான் ஆதரிப்பதாக யாரும் எண்ண வேண்டாம். அது உடம்புக்கு உபத்திரவம், அவ்வளவுதான். பெரியவன் ஒருவன் தன் இஷ்டத்தால் உடுத்துவது வேறு சங்கதி.

டீக்கடைப் பெரியவரிடம் அன்றே கேட்டேன்: "ஏனய்யா, இந்தத் தம்பி தேய்த்த சட்டை போட்டது உமக்கு என்ன தொந்தரவு?"

"தொந்தரவு ஒன்றுமில்லை. எங்க அப்பா காலத்தில் இதெல்லாம் ஏது?" என்றார்.

"ஏன் இல்லை?" என்றேன். அவர் டீயை ஆற்றினார், பதில் சொல்லவில்லை. அதற்குள் மதுரை பஸ் வந்துவிட்டது. அந்த வாலிபன் குனிந்து, பூட்ஸில் படிந்திருந்த புழுதியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு ஏறிப் போனான்.